9-ஆம் வகுப்புப் பிள்ளைகளோடு சிங்கப்பூர்: கிளம்பும் முன் பெற்றோரிடம் பேச வேண்டியவை

கேள்வி: "எங்கள் பள்ளியிலிருந்து 9-ஆம் வகுப்பு மாணவர்கள் 40 பேரை ஐந்து நாள் சிங்கப்பூர் அழைத்துப் போகிறோம். பிள்ளைகளையும் பெற்றோரையும் எப்படித் தயார்படுத்துவது?"

ஐந்து மாதம் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள். முன்பணம் வாங்கும் முன் பாஸ்போர்ட் நகலை வாங்குங்கள். பல பள்ளிகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. பணம் கட்டிய பிறகுதான் பாஸ்போர்ட்டில் சிக்கல் தெரியவருகிறது, பெற்றோருக்கும் பள்ளிக்கும் மனக்கசப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சிறுவர் பாஸ்போர்ட் பொதுவாக 5 ஆண்டுதான் செல்லும். நான்காம் வகுப்பு விடுமுறையில் எடுத்தது 9-ஆம் வகுப்பில் காலாவதி ஆகியிருக்கும், அல்லது ஆகும் நிலையில் இருக்கும். சிங்கப்பூரில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். "இன்னும் நாலு மாசம் இருக்கே சார்" என்று சொல்லும் பெற்றோர் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களை முதல் வாரமே மறுவிண்ணப்பத்துக்கு அனுப்புங்கள். முதல் முறை எடுப்பவர்களில் சிலருக்குப் பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயரே ஏறியிருக்காது. அதைச் சேர்த்து வாங்கிய பிறகே பாஸ்போர்ட் சேவை மையத்தில் நேரம் பதிய வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதலாக அனெக்சர் டி என்ற உறுதிமொழிப் படிவம் வேண்டும். ஒருவர் மட்டுமே கையெழுத்துப் போடும் நிலை என்றால் அனெக்சர் சி.

அடுத்தது பெயர். மற்ற எல்லாவற்றையும்விட நம் ஊர்ப் பள்ளிகளை அலைக்கழிப்பது இதுதான். வருகைப் பதிவேட்டில் "ச. கவின்" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து "கவின் சரவணன்" என்று இருக்கலாம். அதிலும் இரண்டு பெயரும் ஒரே கட்டத்தில் இருந்து, குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கலாம். பள்ளிப் பதிவேட்டை அப்படியே டிராவல்ஸ்காரரிடம் கொடுத்தால் அவர் "கவின் எஸ்" என்று டிக்கெட் போட்டுவிடுவார். விசாவில் ஒரு பெயர், டிக்கெட்டில் வேறு பெயர் என்றால் விமான நிலைய கவுன்டரில் நிறுத்திவிடுவார்கள். கடைசி நேரத்தில் திருத்தக் கட்டணம் கேட்பார்கள், சில டிக்கெட்டுகளைத் திருத்தவே முடியாது. ஆகவே பாஸ்போர்ட் பக்கத்தைப் பார்த்து ஓர் ஆசிரியர் தட்டச்சு செய்யட்டும், இன்னொருவர் எழுத்தெழுத்தாக ஒப்பிடட்டும், பிறகு ஒவ்வொரு பெற்றோரும் தன் பிள்ளையின் வரியில் கையெழுத்திடட்டும். குடும்பப் பெயர் காலியாக இருந்தால் அதை எப்படி நிரப்புவது என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டிக்கெட் போடும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். (துபாய் பயணமாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று 2022 நவம்பரில் அமீரகம் விதி கொண்டுவந்தது.)

சிங்கப்பூருக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட முகவர் மூலம் விண்ணப்பிக்கலாம். படிவம் 14ஏ, வெள்ளைப் பின்னணியில் 35 × 45 மி.மீ. அளவில் மூன்று மாதத்துக்குள் எடுத்த படம், அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). பள்ளி அடையாள அட்டைப் படத்தை வெட்டி ஒட்டினால் திரும்பி வரும். படக்காரரைப் பள்ளிக்கே வரவழைத்து 40 பேரையும் ஒரே நாளில் எடுத்துவிடுவது மலிவு.

வருகை அட்டை தனி. இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் சிங்கப்பூர் குடியேற்றத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும். இலவசம்தான். பணம் கேட்கும் தளங்கள் வேறு யாருடையதோ. அதில் கொடுக்கும் மின்னஞ்சலுக்குத்தான் எத்தனை நாள் தங்கலாம் என்ற மின் அனுமதி வரும். முகவரின் மின்னஞ்சலைப் போட்டால் 40 அனுமதியும் அவரிடம் போய் நிற்கும். பயணத்தில் கூடவே வரும் ஆசிரியரின் மின்னஞ்சலைப் போடுங்கள்.

பெற்றோரின்றிப் போகும் பிள்ளைகளுக்கு ஒப்புதல் கடிதம் ஆங்கிலத்தில், தாய் தந்தை இருவர் கையெழுத்துடன், நோட்டரி முத்திரையோடு இருக்கட்டும். பிள்ளையின் பாஸ்போர்ட் எண், பயண நாட்கள், பொறுப்பாசிரியரின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும், அவசரச் சிகிச்சைக்கு அனுமதி தரும் ஒரு வாக்கியம் இவை அவசியம். எல்லாரிடமும் கேட்கமாட்டார்கள். கேட்கும்போது கையில் இல்லையென்றால் குழு முழுதும் காத்திருக்கும். அப்பா வளைகுடாவில் இருந்தால் கடிதம் வந்து சேர நாளாகும். பெற்றோர் பிரிந்து வாழ்ந்தால் நீதிமன்ற உத்தரவின் நகல் தேவைப்படலாம். இதைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள், தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

பணத்தில் ஒரு விஷயம். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு டிசிஎஸ் (பணம் வாங்கும்போதே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம், ஆனால் பணம் கட்டிய பெற்றோரின் பான் எண்ணில் பதிவாகியிருந்தால்தான். பள்ளியின் பான் எண்ணில் மொத்தமாகப் போட்டுவிட்டால் பெற்றோருக்கு அந்தத் தொகை கிடைப்பது பெரும்பாடு.

பெற்றோர் கூட்டம் இரண்டு வையுங்கள். முதல் கூட்டத்தில் காகிதமும் பணமும். பயணத்துக்குப் பத்து நாள் முன் வைக்கும் இரண்டாவதில் பிள்ளைகளும் உட்காரட்டும். இடங்களின் படம் காட்டுவதில் அரை மணி நேரத்தைக் கழிக்காதீர்கள், அதை அவர்களே யூடியூபில் பார்த்திருப்பார்கள். மருந்தையும் பெட்டியையும் பேசுங்கள்.

மருந்து அட்டையிலேயே இருக்கட்டும், பிரித்து டப்பாவில் போட வேண்டாம். கூடவே மருந்தின் மூலப்பெயர் (ஜெனரிக் பெயர்) எழுதிய மருத்துவர் சீட்டு. ஆஸ்துமா இன்ஹேலர் கைப்பையில், இன்னொன்று ஆசிரியரிடம். கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை போன்றவற்றுக்கு அங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவைப்படும். வலிப்புக்கோ பதற்றத்துக்கோ மருந்து எடுக்கும் பிள்ளையின் பெற்றோர் இதைக் கூச்சத்தில் மறைப்பார்கள். ஆசிரியர் ஒருவரிடம் மட்டும் சொன்னால் போதும் என்று உறுதி கொடுங்கள். காப்பீடு எடுக்கும்போதும் பழைய நோயை மறைத்தால் பிறகு தொகை கிடைக்காது.

பெட்டியில் போகக் கூடாதவற்றை அம்மாக்களிடம் சொல்லுங்கள், பெட்டி கட்டுவது பெரும்பாலும் அவர்கள்தான். கொப்பரைத் தேங்காயில் எண்ணெய்ச் சத்து அதிகம், எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் பெட்டியில் ஏற்றமாட்டார்கள். கசகசா போட்ட மசாலாப் பொடியும் வேண்டாம், அது அபினிச் செடியின் விதை. எண்ணெய் ஊறுகாய் கைப்பையில் போனால் 100 மி.லி. விதியில் மாட்டும். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான் வரலாம், 100 வாட்-மணிக்கு மேல் வேண்டாம் (சுமார் 27,000 எம்ஏஎச்). சிங்கப்பூரில் மின்சிகரெட் குற்றம். சூயிங்கம் 1992 முதல் தடை. இந்த இரண்டையும் பிள்ளைகளிடம் நேராகச் சொல்லிவிடுங்கள், கிளம்பும் அன்று காலை பையையும் பாருங்கள். அங்கே பிளக் மூன்று செவ்வக முனை. நம் உருண்டை முனை பொருந்தாது, அறைக்கு ஒரு அடாப்டர் போதும். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், ஒரு காலி பாட்டில் கொடுத்தனுப்புங்கள்.

சிங்கப்பூரின் நகர ரயிலான எம்ஆர்டிக்குப் பள்ளி வராந்தாவிலேயே ஒத்திகை பாருங்கள். கதவு சட்டென்று மூடும், 40 பேர் ஒரே பெட்டியில் ஏற முடியாது. பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியர், ஒவ்வொருவருக்கும் ஓர் எண், எண் சொல்லிக் கணக்கெடுப்பு. நடைமேடையில் தனியாக நின்றுவிட்டால் அங்கேயே நிற்க வேண்டும், நகரக் கூடாது. தவறி முன்னால் போய்விட்டவர் அடுத்த நிலையத்தில் இறங்கி நடைமேடையிலேயே நிற்க வேண்டும். ரயிலுக்குள் தின்னவோ குடிக்கவோ கூடாது, அபராதம் 500 வெள்ளி வரை போகும். விடுதிப் பெயர், ஆசிரியர் எண், காவல் 999, ஆம்புலன்ஸ் 995 நான்கும் எழுதிய அட்டை சட்டைப் பையில் இருக்கட்டும், கைப்பேசியை நம்ப வேண்டாம்.

பாஸ்போர்ட்டுகளை ஆசிரியர் வைத்திருந்து குடியேற்ற வரிசைக்கு முன் கொடுத்து, தாண்டியதும் எண்ணி வாங்க வேண்டும். நகல் ஒரு கட்டு வேறொரு ஆசிரியரின் பையில் இருக்கட்டும். தொலைந்தால் முதலில் காவல் புகார், பிறகு இந்தியத் தூதரகத்தில் ஊர் திரும்புவதற்கான அவசரச் சான்று. அந்த நகல் இருந்தால் வேலை பாதி குறையும்.

வீட்டுக்குப் பேச ஒரு நேரம் குறித்துவிடுங்கள். அங்கே இரவு 9 என்றால் இங்கே மாலை 6.30. மற்ற நேரத்தில் பெற்றோர் குழுவுக்கு ஆசிரியர் நாளுக்கு மூன்று செய்தி அனுப்பினால் போதும்: எழுந்தாயிற்று, சாப்பிட்டாயிற்று, 40 பேரும் அறையில் படுத்தாயிற்று. மூன்றாவது செய்தியில் எண்ணிக்கை தவறாமல் இருக்கட்டும், அது வரும்வரை ஊரில் பலர் தூங்கமாட்டார்கள்.