கடைசிப் பாட்டில் கரகரப்பு ஏன்? ஊசி பொருத்துவோர் கேள்விகள்

இசைத்தட்டின் முதல் பாட்டு தெளிவு. கடைசிப் பாட்டில் மட்டும் 'ச', 'ஸ' எல்லாம் கரகரக்கிறது. புது ஊசி போட்டும் போகவில்லை. (வெள்ளவத்தை)

பெரும்பாலும் ஊசியில் பிழை இல்லை, கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்தியிருக்கும் சிறு பெட்டி) நிற்கும் கோணத்தில்தான். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. லேபலை நெருங்கும்போது அது 21 ஆகிவிடும். அதே 'ஸ' ஒலி அங்கே பாதிக்கும் குறைந்த நீளத்துக்குள் நெருக்கிச் செதுக்கப்பட்டிருக்கும். வெளியே தெரியாத சிறு கோணப் பிழையும் அங்கே காதைக் குத்தும்.

மையத்திலிருந்து 66.0, 120.9 மில்லிமீட்டரில் புள்ளியிட்ட அளவுத்தாளை அச்சிட்டு, அடிமட்டத்தால் ஒருமுறை அளந்து பாருங்கள். பிரிண்டர் சுருக்கியிருந்தால் எல்லா வேலையும் வீண். ஊசிப் பாரத்தை (ஊசி தட்டை அழுத்தும் எடையை) முதலில் ஏறக்குறைய வைத்துவிட்டு, கார்ட்ரிட்ஜ் கையால் நகரும் அளவுக்குத் திருகுகளைத் தளர்த்துங்கள். இரு புள்ளிகளிலும் ஊசி அமர வேண்டும், ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டு தாளின் கோட்டுக்கு இணையாக நிற்க வேண்டும். கார்ட்ரிட்ஜின் உடலை நம்பாதீர்கள், தண்டைப் பாருங்கள். ஒரு புள்ளியில் மட்டும் சரி வந்தால் அரை மில்லிமீட்டர் முன்னோ பின்னோ நகர்த்தி மறுபடி பாருங்கள். திருகுகளை மாறி மாறிக் கால் சுற்றாக இறுக்குங்கள். இறுக்கும்போது இடம் நழுவும், ஆகவே முடிந்ததும் இன்னொரு தடவை தாளில் வையுங்கள்.

உங்கள் பிளேயர் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 என்றால் தயாரிப்பாளர் கணக்கு வேறு: ஹெட்ஷெல்லின் (கார்ட்ரிட்ஜ் திருகப்படும் முனைத்துண்டின்) ரப்பர் வளையத்திலிருந்து ஊசிமுனை வரை 52 மில்லிமீட்டர். அதை இந்தத் தாளோடு கலக்க வேண்டாம்.

செட்டியார் தெருவில் வாங்கிய நகைத் தராசில் ஊசிப் பாரம் பார்க்கலாமா?

0.01 கிராம் காட்டுமென்றால் தாராளமாக. ஆனால் தராசின் மேற்பரப்பு இசைத்தட்டைவிட உயரம், அந்த உயரத்தில் அளந்தால் எண் மாறும். அது இரும்பாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் காந்தமும் சேர்ந்து இழுக்கும். வளைத்த பிளாஸ்டிக் துண்டு ஒன்றைத் தராசில் வைத்து, அதன் நுனியை இசைத்தட்டு இருக்கும் அதே மட்டத்துக்கு இறக்கி, பூச்சியமாக்கிவிட்டு அதன்மேல் ஊசியை வையுங்கள். ஆன்டி-ஸ்கேட் (ஊசிக்கையை வெளிநோக்கி இழுக்கும் ஏற்பாடு) அப்போது 0. பாரம், ஓர்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜுக்கு 1.8 கிராம், ஓடியோ-டெக்னிகா விஎம்95ஈ-க்கு 2.0. தட்டு தேயாதிருக்கப் பாரத்தைக் குறைப்பவர்கள் உண்டு. பயன் நேர்மாறு: ஊசி பள்ளத்தில் துள்ளிச் சுவரைச் சேதமாக்கும்.

வலது பக்கம் மட்டும் பிசிறுகிறது.

ஆன்டி-ஸ்கேட்டைச் சற்றுக் கூட்டுங்கள். ஊசிக்கை உள்நோக்கி இழுபடுவதால் வலது ஒலி இருக்கும் பள்ளத்தின் வெளிச்சுவரில் பிடி குறைகிறது.

ஒரு பக்கம் ஒலி விட்டு விட்டு வருகிறது. (கொட்டாஞ்சேனை)

கார்ட்ரிட்ஜுக்கு வரும் வயர்களைப் பாருங்கள்: வெள்ளை, நீலம் இடது. சிவப்பு, பச்சை வலது. வெள்ளையும் சிவப்பும் சிக்னல், மற்ற இரண்டும் அவற்றின் பூமி (எர்த்) வயர்கள். நிறம் சரியென்றால் ஹெட்ஷெல்லின் நான்கு முனைகளும் கறுத்திருக்கும், கடற்காற்றின் வேலை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். வயரை இழுக்காமல் கிளிப்பைச் சாமணத்தால் பிடியுங்கள். கார்ட்ரிட்ஜ் முள்ளில் நேராகச் சோல்டர் வைத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய சுருள் போய்விடும்.

அப்பப்பாவின் 78 தட்டுகளை (நிமிடத்துக்கு 78 சுற்றும் பழைய அரக்குத் தட்டுகளை) இதே ஊசியால் கேட்கலாமா?

வேண்டாம். எல்பி (33⅓ தட்டு) ஊசியின் முனை ஏறத்தாழ 18 மைக்ரோன், 78-க்கு 75 அளவில் வேண்டும். சிறிய முனை பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் தரும். 78-க்கென்ற தனி ஊசியை மாட்டுங்கள். அந்தத் தட்டுகளை ஆல்கஹாலால் ஒருபோதும் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும்.