எக்ஸ்5-க்கு எந்த பிரேக் பேட்?

கேள்வி: பழைய பிஎம்டபிள்யூ எக்ஸ்5 ஒன்றை செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். இப்போது டாஷ்போர்டில் பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. முன் பேடுக்குக் கம்பெனி சர்வீஸில் சொன்ன விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஊர்ப் பட்டறைக்காரர், "டெக்ஸ்டார் பிராண்டு பேட் போதும், பாதி விலைதான்" என்கிறார். ஷாப்பீயில் அதையும்விட மலிவு. ரிம் கறுத்துப்போகிறது, செராமிக் போடுங்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். கேமரன் மலைக்கு அடிக்கடி போகிறோம். இறங்கும்போது கருகிய வாடை வருகிறது. எதை வாங்கலாம்?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: பட்டறைக்காரர் பேச்சைக் கேளுங்கள். கார் கம்பெனிகள் பெரும்பாலும் பேட் தயாரிப்பதில்லை. டெக்ஸ்டார், ஜூரிட் போன்றவர்களிடம் வாங்கித் தங்கள் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். வாரண்டி முடிந்த வண்டிக்கு அந்தப் பெட்டிக்காகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள், போலியும் அதே பெயரில்தான் வரும். பேடின் இரும்புத் தகட்டைத் திருப்பிப் பாருங்கள். வட்டத்துக்குள் 'இ' என்ற ஆங்கில எழுத்து, பக்கத்தில் நாட்டு எண் (ஜெர்மனி என்றால் 1), பிறகு '90ஆர்' என்று தொடங்கும் எண் இருக்க வேண்டும். அசல் பேடின் பிடிப்பிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகாது என்று சோதித்துக் கொடுக்கும் முத்திரை அது. பெட்டியும் பிரித்தால் தெரிகிற மாதிரி ஒட்டப்பட்டிருக்கும். ஷாப்பீ படத்தில் இதையெல்லாம் எப்படிப் பார்ப்பது? ஊர்க் கடையில் ரசீதோடு வாங்கினால், ஏமாந்தாலும் 5 வெள்ளி கட்டிப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் கேட்கலாம்.

கடைக்குப் போகும்போது கிராண்டில் (வண்டிப் பதிவுச் சான்றில்) உள்ள சாசி நம்பரைக் கொடுங்கள். நம் நாட்டில் ஓடும் எக்ஸ்5-களில் கூலிமில் பொருத்தியவையும் உண்டு, வெளிநாட்டில் ஓடிய பிறகு இங்கே வந்த ரீகண்டும் உண்டு. ஒரே வருட வண்டிகளிலேயே டிஸ்க் அளவு மாறும், பேடும் மாறும்.

செராமிக் போட்டால் ரிம் சுத்தமாக இருக்கும், சத்தமும் குறையும், உண்மைதான். ஆனாலும் 2 டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை மலையிலிருந்து இறக்குகிற உங்களுக்கு, கறுப்புத் தூள் கொட்டினாலும் கம்பெனி கொடுத்த அதே வகைக் கலவையில் செய்த பேட்தான் என் தேர்வு. ரிம்மைக் கழுவிக்கொள்ளலாம்.

விளக்கு எரிந்துவிட்டதால் பேட் தேய்வதைக் காட்டும் முன் இடது சக்கரத்து சென்சாரும் தேய்ந்து அறுந்திருக்கும். புதிதாகத்தான் போட வேண்டும். டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிப்பு மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். அளந்து பார்த்த பிறகே பழைய டிஸ்க்கில் புதுப் பேடு போடச் சொல்லுங்கள்.

கருகிய வாடைக்குப் பேட் மட்டும் காரணமாக இருக்காது. தாப்பா பக்கமாக இறங்கினாலும் சிம்பாங் பூலாய் பக்கமாக இறங்கினாலும் கியரைக் கைமுறைக்கு மாற்றி, இரண்டிலோ மூன்றிலோ விடுங்கள். பிரேக்கில் காலை வைத்தபடியே வராதீர்கள். பிரேக் ஆயிலை எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் இப்போதே மாற்றிவிடுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். அப்புறம் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும்.

கழற்றிய பழைய பேடுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உள்பக்கத்துப் பேட் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால் காலிப்பரோ (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) அது நகரும் பின் என்ற கம்பியோ இறுகியிருக்கலாம். வாடைக்கு அதுவே காரணமாக இருக்கலாம். அதைச் சுத்தம் செய்து சரிபார்க்காமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.