ஃபிராங்க்ளினின் கரும்புள்ளிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் தன்வரலாற்றைப் படித்துவிட்டு, அவரைப்போலவே பதின்மூன்று நற்குணங்களுக்கு அட்டவணை போட்டேன். தவறும்போதெல்லாம் அந்தக் குணத்தின் வரிசையில் ஒரு கரும்புள்ளி வைக்க வேண்டும். மூன்றாவது வாரமே ‘ஒழுங்கு’ வரிசை முழுக்கக் கரும்புள்ளி. அலுவலகத்தில் இப்போதுதான் ஒரு குழுவுக்குத் தலைமை ஏற்றிருக்கிறேன். தன்னையே திருத்திக்கொள்ள முடியாதவன் மற்றவர்களை எப்படி வழிநடத்துவது?

— வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

அட்டவணையைக் கிழித்துவிடாதீர்கள். ஃபிராங்க்ளினை அதிகம் படுத்தியதும் அதே ஒழுங்குதான். காகிதங்களையும் பொருள்களையும் அதனதன் இடத்தில் வைக்கும் பழக்கம் கடைசிவரை கைவரவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். சிவப்பு மையால் கட்டம் போட்ட சிறு நோட்டில் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகிவிட்டது. உடனே யானைத்தந்த ஏடுகளுக்கு மாறினார். பென்சிலால் புள்ளி வைப்பார், ஈரப் பஞ்சால் துடைப்பார். குறை தீரவில்லையே என்று நோட்டை வீசாமல், துடைத்தெழுதும் நோட்டைத் தேடிப் போனாரே, அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

உங்கள் கேள்விக்கு விடை அந்தப் பட்டியலின் கடைசி வரியில் இருக்கிறது. முதலில் இருந்தவை பன்னிரண்டு குணங்களே. ‘உன் பேச்சில் கர்வம் தெரிகிறது’ என்று குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் உதாரணங்களோடு எடுத்துச் சொன்ன பிறகுதான் பணிவு சேர்ந்தது. ‘நிச்சயமாக’, ‘சந்தேகமே இல்லை’ போன்ற சொற்களை விட்டு, ‘எனக்கு இப்படித் தோன்றுகிறது’ என்று பேசப் பழகினார். அவர் நாவன்மை உள்ளவர் அல்லர். சொல் கிடைக்காமல் தடுமாறுவார். அப்படியும் சபைகளில் தன் பேச்சு எடுபட்டதற்கு இந்தப் பழக்கமும் காரணம் என்கிறார்.

1731-ல் ஃபிலடெல்பியாவில் சந்தா நூலகம் தொடங்கியபோதும் இதே பாடம்தான். ஆளுக்கு 40 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு 10 ஷில்லிங். 50 பேரைச் சேர்ப்பதே பெரும்பாடாக இருந்தது. தன் திட்டம் என்று சொல்லிக்கொண்டு போனால் ஆட்கள் பின்வாங்குவதைக் கண்டார். ‘நண்பர்கள் சிலரின் யோசனை இது, அவர்கள் கேட்டுக்கொண்டதால் வந்தேன்’ என்று சொல்லத் தொடங்கியதும் காரியம் நடந்தது.

அதற்காக அவரைத் தெய்வமாக்கவும் வேண்டாம். அந்தப் பட்டியலில் எட்டாவது குணம் நீதி. அதை எழுதியவர் பல ஆண்டுகள் அடிமைகளை வைத்திருந்தார். அடிமைமுறைக்கு எதிராக அமெரிக்கக் காங்கிரசுக்குப் போன மனுவில் அவர் கையெழுத்திட்டது 1790-ல், இறந்த ஆண்டில். நாமே கட்டம் போட்டு நாமே புள்ளி வைத்தால் சில குறைகள் கண்ணிலேயே படாது. அவருடைய கர்வத்தையும் அடுத்தவர்தானே காட்டிக்கொடுத்தார்?

உங்கள் குழுவில் மனத்தில் பட்டதை மறைக்காமல் சொல்லக்கூடிய ஒருவரைத் தனியாக அழையுங்கள். இந்த வாரம் உங்களிடம் அவருக்கு எது உறுத்தியது என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை விளக்கம் எதுவும் கொடுக்காதீர்கள்.