எட்டு டுகாட்டியும் ஒரு ஹோண்டாவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மார்க் மார்க்கெஸ் 2025இல் வென்ற மோட்டோஜிபி (மோட்டார் சைக்கிள் பந்தய உலகின் உயர் பிரிவு) பட்டத்தைப் பற்றி உருகி எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. இன்றைக்கு இருப்பதிலேயே சிறந்த வண்டி டுகாட்டி. அதில் யார் உட்கார்ந்தாலும் ஜெயிக்கலாம். 122 வெற்றிகள், 15 உலகப் பட்டங்கள் எடுத்த ஜியாகொமோ அகோஸ்டினி இருக்கும்போது வேறொருவரை எப்படி மிகச் சிறந்தவர் என்கிறீர்கள்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வண்டி நல்ல வண்டி என்பதற்காக மார்க்கெஸின் பட்டத்தைக் குறைத்தால், அகோஸ்டினியையும் அதே தராசில்தான் நிறுத்த வேண்டும். 1958 முதல் 1974 வரை 17 ஆண்டுகள் தொடர்ந்து, அன்றைய உயர் பிரிவான 500சிசியின் பட்டம் எம்.வி. அகுஸ்டா வண்டி ஓட்டியவர்களுக்கே போனது. 1967 சீசனோடு ஹோண்டா விலகிக்கொண்டது. மறு ஆண்டு 500சிசியில் நடந்த 10 பந்தயங்களையும் அகோஸ்டினியே ஜெயித்தார். அந்த வண்டிக்கு ஈடுகொடுக்க எதிரில் வண்டி இல்லை.

எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு. அது 1968ஐ வைத்து வந்ததல்ல. அதற்கு முந்தைய ஆண்டு ஹோண்டாவில் வந்த மைக் ஹெய்ல்வுட்டும் அவரும் ஆளுக்கு 5 பந்தயங்கள் ஜெயித்து, புள்ளியிலும் சமமாக நின்றார்கள். கடைசியில் இரண்டாம் இடங்களை எண்ணித்தான் பட்டம் அகோஸ்டினிக்குப் போனது. அப்புறம் யமஹாவுக்கு மாறி, 1975இல் டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு முதல் 500சிசி பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். தன் பழைய கம்பெனியான எம்.வி. அகுஸ்டாவையே தோற்கடித்து வாங்கிய பட்டம் அது. இந்த இரண்டும் எனக்கு அந்த 122ஐவிடப் பெரிது.

சரி, டுகாட்டிக்கு வருவோம். 2024இல் களத்தில் 8 டுகாட்டிகள். 20 பந்தயங்களில் 19ஐ அவையே எடுத்தன: பன்யாயா 11, மார்ட்டின் 3, மார்க்கெஸ் 3, பாஸ்டியானினி 2. ஒரு கம்பெனியின் ஆதிக்கம் என்றால் இதுதான், மறுக்கவே மாட்டேன். ஆனால் மார்க்கெஸ் ஓட்டியது, டுகாட்டி வண்டி ஓட்டும் தனி அணியான கிரெசினியில் இருந்த முந்தைய ஆண்டு வண்டி. அந்தப் பழைய வண்டியில் அவரோடு சேர்த்து 4 பேர் ஓடினார்கள். மற்ற மூவருக்கும் ஒரு வெற்றிகூடக் கிடைக்கவில்லை.

மார்க்கெஸ் ஹோண்டாவில் இருந்த 2019ஐ எடுத்துப் பாருங்கள். வீரர், அணி, தயாரிப்பாளர் என்று மூன்று பட்டங்களும் ஹோண்டாவுக்கு. காகிதத்தில் அதுவும் ஆதிக்கம்தான். ஆனால் அந்த ஆண்டு ஹோண்டா ஜெயித்த 12 பந்தயங்களும் மார்க்கெஸ் ஜெயித்தவை. அதே அணியில் இருந்த லொரென்ஸோ, மூன்று முறை மோட்டோஜிபி பட்டம் வென்றவர், சீசன் முழுக்க எடுத்தது 28 புள்ளிகள். அவர் காயம்பட்டுச் சில பந்தயங்களை விட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த ஆண்டு ஸ்பெயினின் ஹெரெஸில் முதல் பந்தயத்திலேயே மார்க்கெஸுக்குக் கை முறிந்தது. அந்த சீசனில் ஹோண்டா ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. வண்டியின் பலம் என்று ஊர் நினைத்தது ஒரு மனிதனின் பலம்.

அதனால்தான் பட்டங்களை எண்ணுவதற்கு முன்னால், அதே வண்டியில் வேறு யார் இருந்தார்கள், அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கிறேன்.

"யார் உட்கார்ந்தாலும்" என்கிறீர்கள். டுகாட்டியின் கதையே அதற்கு எதிரானது. 2007இல் கேசி ஸ்டோனர் அதில் 10 பந்தயங்கள் ஜெயித்துப் பட்டம் வாங்கினார். 2010இலும் 3 வெற்றிகள். அவர் ஹோண்டாவுக்குப் போனதும் அந்த இடத்துக்கு வந்தவர் சாதாரண ஆளில்லை, வாலண்டினோ ரோஸி. 2004இல் ஜெயிக்கிற ஹோண்டாவை விட்டுவிட்டு, 1992க்குப் பிறகு உயர் பிரிவில் பட்டமே பார்க்காத யமஹாவுக்குப் போய், தென்னாப்பிரிக்காவின் வெல்கமில் முதல் பந்தயத்தையே ஜெயித்து, அந்த ஆண்டுப் பட்டத்தையும் எடுத்தவர். அப்பேர்ப்பட்டவருக்கு டுகாட்டியில் இரண்டு ஆண்டுகளில் ஒரு வெற்றி அமையவில்லை. ஸ்டோனரோ 2011இல் ஹோண்டாவில் மறுபடியும் சாம்பியன்.

என் வரிசையில் மார்க்கெஸ் முதலில், அடுத்து ரோஸி, அப்புறம் அகோஸ்டினி. ஸ்டோனர் மட்டும் 27 வயதில் விலகாமல் இருந்திருந்தால் இந்த வரிசையை மாற்றி எழுதியிருப்பேனோ என்று இன்றைக்கும் தோன்றுகிறது.