அமியோடரோனோடு சோபோஸ்புவிர்: ஒரு கிழமை இடைவெளி போதாது

களுவாஞ்சிக்குடியிலிருந்து கேட்டவருக்கு: அப்பா அமியோடரோன் (இதயத் துடிப்பைச் சீராக்கும் மருந்து) குடிக்கிறார், ஹெபடைடிஸ் சி என்ற ஈரல் தொற்றுக்கு சோபோஸ்புவிர் தொடங்க ஒரு கிழமைக்கு முன் அதை நிறுத்தினால் சரியா என்கிறீர்கள். சரிவராது. அமியோடரோன் உடம்புக் கொழுப்பில் ஊறிக் கிடக்கும். பாதியாகக் குறையவே ஏறக்குறைய 2 மாதம். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பு ஆபத்தாக இறங்கலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2015இலேயே எச்சரித்த விசயம் இது. பீட்டா புளொக்கரும் (துடிப்பைக் குறைக்கும் இன்னொரு வகை மருந்து) குடித்தால் இன்னும் மோசம்.

ஆனால் நீங்களாகக் குளிசையை நிறுத்த வேண்டாம். கிளினிக் கொப்பியை இதய வைத்தியர், ஈரல் வைத்தியர் இரண்டு பேரிடமும் காட்டுங்கள். வேறு மருந்து இல்லையென்று சோபோஸ்புவிரைத் தொடங்கினால், முதல் 48 மணித்தியாலம் வாட்டில், மொனிட்டரில். பிறகு குறைந்தது 2 கிழமை தினமும் நாடி பாருங்கள்: மணிக்கட்டில், முழு 60 செக்கன். 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்கினால் துடிப்பு தவறுவது பிடிபடாது. 50க்குக் கீழே போனாலோ, தலைசுற்று, மயக்கம், மூச்சுமுட்டு வந்தாலோ அடுத்த கிளினிக் வரை பார்த்திராமல் உடனே ஆஸ்பத்திரி.