மெட்ரோ மாதிரி கார்டைத் தட்டி ரயிலேறும் காலம் கும்பகோணத்துக்கு வருமா?

தினமும் கும்பகோணம்–தஞ்சாவூர் போகிறவர் கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால், இப்போதைக்குக் கஷ்டம். தடை கார்டு அல்ல, மெட்ரோவில் இருப்பது போல் தட்டினால் திறக்கும் கதவு இல்லாததுதான். 2019-இல் வந்த தேசியப் பொதுப் போக்குவரத்து அட்டை சிப்பிலேயே பணத்தை வைத்திருக்கும். நெட் இல்லாமலும் கழிக்கும். சென்னை மெட்ரோவில் அது ஓடுகிறது. ஆனால் கட்டணம் தூரக் கணக்கில் என்பதால் ஏறும்போதும் இறங்கும்போதும் தட்டியாக வேண்டும். கும்பகோணத்தில் தட்டிவிட்டு, பாபநாசத்தில் தட்டாமல் இறங்கினால்? எவ்வளவு கழிப்பது? நம் பிளாட்பாரங்கள் நாலு பக்கமும் திறந்தவை.

ரயில்வே ஸ்மார்ட் கார்டு என்று இருப்பது தானியங்கி டிக்கெட் இயந்திரத்துக்கானது. கார்டை ரீடர் மேல் வைத்து, ஊரையும் ஆள் எண்ணிக்கையையும் தொட வேண்டும். டிக்கெட் அச்சாகி வரும்வரை எடுக்காதீர்கள், பலர் சொதப்புவது அங்கேதான்.

எதிர்காலம் போன் பக்கம்தான் சாய்கிறது. யூடிஎஸ் செயலிக்குப் பதிலாக வந்திருக்கும் ரயில்வேயின் ரயில்ஒன் (RailOne) செயலியில், முன்பதிவில்லா காகிதமில்லா டிக்கெட்டை ரத்து செய்ய முடியாது. ஸ்டேஷனுக்குள் போய்விட்டால் ஜிபிஎஸ் பார்த்து செயலி டிக்கெட் தர மறுத்துவிடும். அங்கே ஒட்டியிருக்கும் க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள். தினமும் போகிறவருக்கு இதெல்லாம் எதற்கு? 150 கி.மீ. வரை மாத சீசன் கிடைக்கிறது, அதே செயலியிலேயே எடுக்கலாம்.