வாசகர் கேள்வி: விமானத்துக்குள் ஷூட்டிங்

கேள்வி: ஒரு ஐ.டி. கம்பெனியின் விளம்பரப் படத்தில் ஜன்னலோரப் பயணியாக நடிக்கிறேன். ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) நிற்கும் ஏ320 பயணிகள் விமானத்தில் ஷூட்டிங். பறப்பதுபோல எப்படி நடிப்பது? – வாசகி, கோவை

பதில்: முதலில் பெல்ட். கார் பழக்கத்தில் விரல் பொத்தானைத் தேடும். இங்கே பக்கிளின் மேல்மூடியைத் தூக்கினால்தான் கழலும். வாரம் இரண்டு முறை பறக்கிற மேனேஜராக நடிப்பவர் குனிந்து தடவினால் அந்த டேக் போச்சு. பார்க்காமலே மாட்டிக் கழற்றப் பத்துத் தடவையாவது பழகுங்கள். வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பில் கிடக்கட்டும்.

டேக்-ஆஃப் காட்சியில் பலர் தலையைச் சீட்டில் மோதிக்கொள்கிறார்கள். ஜெட் விமானம் அப்படி இடிக்காது. முதுகு நிதானமாகச் சாய்மானத்தில் அழுந்தும். 'கட்' சொல்லும்வரை அந்த அழுத்தத்தை விடாதீர்கள். டர்புலன்ஸ், அதாவது விமானம் குலுங்கும் காட்சி என்றால் கேமராவை ஆபரேட்டர் ஆட்டுவார். உங்கள் வரிசை முழுதும் ஒரே நொடியில், ஒரே பக்கம் அசைய வேண்டும். ஒருவர் மட்டும் முந்தினால் சிரிப்பு வந்துவிடும். அசிஸ்டென்ட் டைரக்டரை எண் சொல்லச் சொல்லுங்கள். காபி கப்பில் பாதியாவது ஊற்றிக்கொள்ளுங்கள். கப் காலி என்பதைத் தூக்குகிற கையே காட்டிக்கொடுக்கும்.

ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் துணியும் லைட்டும்தான் இருக்கும். உயரத்தில் பறக்கும்போது மேகம் பெரும்பாலும் கீழேதான். ஆகவே பார்வை சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். துணியில் ஒரு புள்ளி வைத்துத் தரச் சொல்லுங்கள்.

வியர்வைதான் பெரிய தொல்லை. ஹேங்கருக்குள் விமானத்தின் ஏபியுவை (நிற்கும்போது மின்சாரமும் ஏசிக்கான காற்றும் தரும் சிறிய துணை இன்ஜினை) ஓடவிட மாட்டார்கள். குளிர்காற்று வெளியிலிருந்து குழாயில் வரும். வசன டேக்கில் இரைச்சலுக்காக அதையும் நிறுத்துவார்கள். டிஷ்யூவால் ஒற்றுங்கள், தேய்த்தால் மேக்கப் போய் அடுத்த ஷாட்டில் கன்டினியுட்டி (முந்தைய ஷாட்டோடு ஒத்துப்போவது) உதைக்கும். கதவு நெம்புகோலைத் தொடவே வேண்டாம். ஆர்ம் செய்த (அவசரச் சறுக்கு விரியத் தயாராக வைத்த) கதவைத் திறந்தால் அவசரச் சறுக்கு பாய்ந்து விரியும்.

கேள்வி: பறக்கும் விமானத்திலேயே எடுத்தால் இயல்பாக வராதா? – வாசகர், திருப்பூர்

பதில்: முகம் இயல்பாக வரும், குரல் வராது. கேபின் இரைச்சல் சுமார் 80 டெசிபலைத் தாண்டும்; வசனத்தை டப்பிங்கில்தான் பேச வேண்டும். காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போவதால் உதடு வெடிக்கும், லிப் பாம் கையிலிருக்கட்டும். உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில் மட்டுமே. பேட்டரியின் கொள்திறன் 100 வாட்-ஹவரைத் தாண்டினால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், 160-ஐத் தாண்டினால் பயணிகள் விமானத்தில் இடமே இல்லை. விமான நிறுவனம் சரி என்றால் மட்டும் போதாது, டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அனுமதியும் வேண்டும்.

கேள்வி: சம்பளம் பேசும்போது எதைக் கேட்க வேண்டும்? – வாசகர், மதுரை

பதில்: படம் அலுவலகக் கூட்டத்தில் மட்டும் ஓடுமா, யூடியூப், டி.வி. விளம்பரமாகவும் போகுமா, எத்தனை வருடம் என்பதை. எழுத்தில் வாங்கிக்கொண்டு தேதி கொடுங்கள்.